கேள்வி – பதில்: கிளஸ்டரில் மாறுவது நிரலுக்கு எப்படித் தெரியும்?

வன்னிப் பக்கமிருந்து வந்த கொண்டெய்னர் (ஒரு நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் பொதி) கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்திருக்கிறோம். எல்லாம் குபர்நெட்டீஸ் (பல கணினிகளை ஒரு கிளஸ்டராகச் சேர்த்துக் கொண்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் மென்பொருள்) பற்றியவை, பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்பவை: பொட் (கொண்டெய்னர்கள் ஓடும் மிகச்சிறிய அலகு), நோட் (கிளஸ்டரிலுள்ள ஒரு கணினி), டிப்ளொய்மென்ட் (ஒரே மாதிரிப் பொட் எத்தனை ஓடவேண்டும் என்ற வரையறை) என்று ஏதாவது மாறினால் நாம் எழுதிய நிரலுக்கு அது உடனே, விடுபடாமல் தெரியவேண்டும். கட்டளைகளையும் புலப்பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக ஆய்வுகூடத்தின் மூன்று பழைய கணினிகளில் கே3எஸ் (குபர்நெட்டீஸின் எடை குறைந்த வடிவம்) போட்டிருக்கிறோம். எங்கள் பைதன் நிரல் ஐந்து விநாடிக்கொரு தடவை எல்லாப் பொட்களையும் கேட்டு, முந்திய பட்டியலோடு ஒப்பிட்டு, மாற்றத்தைத் திரையில் காட்டுகிறது. 'வொட்ச் பாவியுங்கள்' என்கிறார் விரிவுரையாளர். வேலை செய்வதை ஏன் மாற்றவேண்டும்? மாற்றுவதானால் எப்படி?
– பொறியியல் மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: வேலை செய்கிறதுதான். ஆனால் எதைத் தவறவிடுகிறது என்பது அந்தத் திரையில் தெரியாது. ஒரு பொட் மூன்று விநாடிக்குள் பிறந்து, வேலையை முடித்து, அழிக்கப்பட்டும் விடலாம். உங்கள் இரண்டு பட்டியல்களிலும் அது இராது. ஒரு கொண்டெய்னர் விழுந்து எழும்பினால் பொட்டின் பெயர் மாறாது, ரீஸ்டார்ட் கணக்கு மட்டும் ஒன்று கூடும். பெயர்களை மட்டும் ஒப்பிட்டால் அதுவும் கண்ணில் படாது.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 17,280 கோரிக்கைகள். பொட்கள் 100, ஒன்றின் விபரம் ஜேசன் (எழுத்துவடிவத் தரவு) ஆக 5 கிலோபைட் என்று வைத்தால் தடவைக்கு 500 கிலோபைட், நாளுக்கு 8.6 ஜிபி. ஆய்வுகூட வலையமைப்புக்குள் இது பொருட்டில்லை. இதே நிரலை மொபைல் டேட்டாவில் ஓட்டினால் பக்கேஜ் ஒரு கிழமைகூடத் தாங்காது.

வொட்சின் முறை இது. குளத்து நீர்மட்டத்தை முதலில் அளவுகோலில் பார்த்து எழுதிவிட்டு, பிறகு ஏற்ற இறக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு போவது போல, முதலில் ஒரே ஒரு தடவை முழுப் பட்டியலைக் கேட்கவேண்டும். பதிலின் மேற்பகுதியில், மெட்டாடேட்டாவுக்குள், ரிசோர்ஸ்வேர்ஷன் என்ற புலம் வரும். பதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கோரிக்கையில் 'வொட்ச்=ட்ரூ' என்பதையும் அந்தப் பதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்பினால், கிளஸ்டருக்கு வரும் கோரிக்கைகளுக்கெல்லாம் வாசலான ஏபிஐ சேர்வர் இணைப்பை மூடாமல் வைத்திருந்து, அந்த நிலைக்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றையும் ஒரு வரி ஜேசனாக அனுப்பும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பகுதிகள்: என்ன வகை, எந்தப் பொருள். வகைகள் அடெட், மொடிபைட், டிலீட்டெட், புக்மார்க், எரர் என்று ஐந்து. பைதனில் வொட்ச் தொகுதியின் ஸ்ட்ரீம் என்ற செயற்கூறுக்கு 'லிஸ்ட்_நேம்ஸ்பேஸ்ட்_பொட்' என்பதையும் பதிப்பெண்ணையும் கொடுத்து ஒரு போர் வளையத்தில் சுற்றினால் போதும்.

பதிப்பெண்ணைக் கொடுக்காமலும் வொட்ச் திறக்கும். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அப்போது ஏற்கனவே இருக்கும் எல்லாப் பொட்களும் முதலில் அடெட் என்று வந்து கொட்டும். இணைப்பு அறுந்து மீளும் ஒவ்வொரு தடவையும் 'புதுப் பொட் 100' என்று திரை அலறுவது இதனால்தான். இன்னொன்று, பதிப்பெண் எண் போலத் தெரிந்தாலும் அதைக் கூட்டிக் கழிக்க வேண்டாம். வந்ததை வந்தபடியே திருப்பிக் கொடுங்கள்.

நிரலை எழுதுமுன், குபர்நெட்டீஸின் கட்டளைக் கருவியான குபெக்டல் கொண்டு கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஒரு முனையத்தில் 'குபெக்டல் கெட் பொட்ஸ் --வொட்ச் --அவுட்புட்-வொட்ச்-ஈவென்ட்ஸ்' ஓடட்டும். மற்றதில் ஒரு டிப்ளொய்மென்ட்டை 2 இலிருந்து 3 ஆக்குங்கள். ஒரேயொரு பொட்டுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வரிகள் வரும். முதலில் அடெட்: நிலை பென்டிங், நோட்பெயர் வெறுமை. அடுத்து மொடிபைட்: எந்த நோட்டில் ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் நோட்பெயரை நிரப்பியிருக்கும். அடுத்த மொடிபைட்டில் கொண்டெய்னர்-கிரியேட்டிங். அதற்குப் பிறகுதான் ரன்னிங்கும் ஐபி முகவரியும். ரெடினஸ் சோதனை (பொட் கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்ப்பது) வைத்திருந்தால் ரெடி என்பது இன்னும் பிந்தி, தனி மொடிபைட்டாக வரும். ஆகவே ரன்னிங் என்று கண்டவுடன் பச்சை விளக்குப் போடாதீர்கள். கண்டிஷன்ஸ் பட்டியலில் ரெடி என்பதற்கு நேரே ட்ரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

அழியும்போதும் அப்படித்தான். டிலீட் கொடுத்ததும் வருவது மொடிபைட், அதில் டிலீஷன்டைம்ஸ்டாம்ப் நிரம்பியிருக்கும். கொண்டெய்னர் மூட இயல்பாக 30 விநாடி அவகாசம் உண்டு. அது முடிந்து பொருள் உண்மையிலேயே நீங்கியபின் வருவதே டிலீட்டெட். நிரலில் பொட்களைக் குறித்துவைக்கும் உங்கள் அகராதியில் (பைதன் டிக்ட்) சாவியாக நேம்ஸ்பேஸும் (கிளஸ்டருக்குள் பெயர்களைப் பிரிக்கும் பகுதி) பெயரும் இருக்கட்டும், யுஐடியையும் (ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள தனி அடையாளம்) பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டேட்புல்செட் (பொட்களுக்கு நிலையான பெயர் கொடுக்கும் வகை) ஒன்றின் பொட் அதே பெயரில் மறுபிறப்பெடுக்கும், யுஐடி மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எங்கள் கண்காணிப்பு நிரல் அலுவலகக் கணினியில் 4ஜி றவுட்டர் வழியாக ஓடுகிறது, கிளஸ்டர் வெளிநாட்டுத் தரவு மையமொன்றில். பைதன் வொட்ச்தான். பகலில் பிரச்சினையில்லை. இரவில் ஏதோ ஒரு கட்டத்தில் ஊமையாகிவிடுகிறது. பிழைச்செய்தி இல்லை, புரோசஸும் உயிரோடு இருக்கிறது. காலையில் நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் சரி.
– மென்பொருள் பணியாளர், வவுனியா

பதில்: இரவில் கிளஸ்டரில் அசைவு குறைவு, இணைப்பில் ஒரு பைட்டும் ஓடாது. சும்மா கிடக்கும் இணைப்பின் பதிவை நடுவிலுள்ள நாட் சாதனம் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். உங்கள் றவுட்டரும் அதைச் செய்யலாம், மொபைல் நிறுவனத்தின் பக்கமும் செய்யலாம். மறந்ததை இரு முனைக்கும் யாரும் சொல்வதில்லை. சேர்வர் அனுப்புவது வழியில் தொலைகிறது. உங்கள் நிரலோ 'இன்னும் எதுவும் நடக்கவில்லை' என்று வாசித்தபடி காத்திருக்கிறது. டிசிபி கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று இயங்குதளம் சோதிப்பது) காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். லினக்ஸில் அதன் இயல்பு நேரம் 7,200 விநாடி, அதாவது இரண்டு மணிநேரம். அதையும் சொக்கெட்டில் இயக்கி விட்டால்தான் உண்டு.

மருந்து, இரண்டு காலக்கெடுக்களைச் சேர்த்து வைப்பது. 'டைம்அவுட்_செக்கண்ட்ஸ்=300' என்பது சேர்வருக்குச் சொல்வது: ஐந்து நிமிடத்தில் இந்த வொட்சை நீயே ஒழுங்காக மூடு. '_ரிக்குவெஸ்ட்_டைம்அவுட்=(10, 330)' என்பது நம் பக்கத்துக்கு: இணைய 10 விநாடி, அதன்பின் 330 விநாடி ஒரு பைட்டும் வராவிட்டால் கைவிடு. இரண்டாவது முதலாவதைவிடக் கொஞ்சம் கூட இருக்கவேண்டும். குறைத்து வைத்தால் அமைதியான இரவில் நல்ல இணைப்பையும் நீங்களே அறுத்துக்கொண்டிருப்பீர்கள். முதலாவதை மட்டும் வைத்தாலோ சேர்வர் மூடியதே உங்களுக்குத் தெரியவராது, அந்தச் செய்தியும் அதே செத்த வழியால்தானே வரவேண்டும்.

காலக்கெடு எதுவும் கொடுக்காவிட்டாலும் ஏபிஐ சேர்வர் ஒரு வொட்சை என்றைக்கும் வைத்திராது. இயல்பு அமைப்பில் 30 முதல் 60 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் மூடிவிடும். எல்லா வொட்சும் ஒரே கணத்தில் முடியாதபடி அந்த நேரத்தை வேண்டுமென்றே சிதறவைத்திருக்கிறார்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் (இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சேர்வர்) இருந்து 'புரொக்சி_ரீட்_டைம்அவுட்' தொடப்படாமல் கிடந்தால் 60 விநாடி அமைதியே அறுக்கப் போதும். அறுவதைப் பிழையாக நினைத்து எழுதிய நிரல் எப்போதும் அழுதுகொண்டிருக்கும். வொட்ச் என்றால் அறும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அறுந்தபின் என்ன செய்வது என்பதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். கடைசியாக வந்த நிகழ்வின் பதிப்பெண்ணை வைத்திருந்து அங்கிருந்து தொடரவேண்டும், முழுப் பட்டியலையும் திரும்பக் கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதிப்பெண் பழசாகியிருக்கலாம். ஏபிஐ சேர்வர் பின்னாலுள்ள எட்சிடி என்ற தரவுத்தளத்தின் பழைய வரலாற்றை இயல்பாக 5 நிமிடத்துக்கொரு தடவை கூட்டித் தள்ளுகிறது. போன வரலாற்றைக் கேட்டால் 410 ('அது இனி இல்லை') என்று பதில் வரும். இது இரண்டு உருவில் வரும்: நேரடியாக எச்டிடிபி நிலை 410 ஆக, அல்லது 200 என்று திறந்த ஓடைக்குள் எரர் வகை நிகழ்வாக, உள்ளே கோட் 410. இரண்டையும் பிடியுங்கள். பைதன் நூலகத்தில் டைம்அவுட்_செக்கண்ட்ஸ் கொடுத்தால் தானாக மீள இணையும் வசதி நின்றுவிடும். வெளியே ஒரு வைல் வளையம் உங்கள் பொறுப்பு, எரர் நிகழ்வைப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

410 வந்தால் பதிப்பெண்ணை எறிந்துவிட்டு, புதிதாகப் பட்டியல் எடுத்து, கையிலுள்ள அகராதியோடு ஒப்பிடவேண்டும். அகராதியில் இருந்து பட்டியலில் இல்லாதவை இடைவெளியில் அழிந்தவை. அவற்றுக்கு டிலீட்டெட் இனி ஒருபோதும் வராது, நீங்களே அழிவை அறிவிக்கவேண்டும். இந்த ஒப்பீட்டை விட்ட நிரல்களில் செத்த பொட்கள் பேய்களாக நாட்கணக்கில் திரையில் நிற்கும்.

சிறிய நேம்ஸ்பேஸ் ஒன்றை மட்டும் பார்ப்பவர்களுக்கு 410 அடிக்கடி வரும். உங்கள் பக்கம் ஒரு மணிநேரம் அசைவில்லை, கிளஸ்டரின் மறுபக்கத்தில் ஆயிரம் மாற்றங்கள். உங்கள் கையிலுள்ள எண் தானாகவே பழசாகிறது. 'அலவ்வொட்ச்புக்மார்க்ஸ்=ட்ரூ' கொடுங்கள். சேர்வர் ஏறத்தாழ நிமிடத்துக்கொரு தடவை, பொருள் எதுவுமில்லாமல் புதிய பதிப்பெண்ணை மட்டும் தாங்கிய புக்மார்க் அனுப்பும். எண் புதிதாகும், இணைப்பிலும் கொஞ்சம் பைட் ஓடும், நாட் மறக்காது. குறித்த நேரத்துக்கு வந்தே தீரும் என்ற உத்தரவாதம் மட்டும் இல்லை. அதனால் மேலே சொன்ன காலக்கெடுக்களை எடுத்துவிடாதீர்கள்.

மீள இணையும்போது 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி 30 இல் நிறுத்துங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயல் நேரத்தைக் கலவுங்கள். இல்லாவிட்டால் லைன் வந்த கணத்தில் எல்லா நிரலும் ஒன்றாகப் போய்ப் பட்டியல் கேட்கும்.

இவ்வளவும் சொன்னபின் எங்கள் உண்மையான அபிப்பிராயம்: வொட்ச் செய்யும் நிரலை வவுனியாவில் வைக்காதீர்கள். கிளஸ்டருக்குள்ளேயே ஒரு சிறு பொட்டாக ஓடவிட்டு, அது சுருக்கிய செய்தியை மட்டும் 4ஜி வழியாக அனுப்பட்டும். 'லோட்_இன்கிளஸ்டர்_கொன்பிக்' என்ற ஒரு வரிதான் மாறும்.

கேள்வி: பட்டியல் வருகிறது, வொட்ச் திறந்தால் 403 (அனுமதியில்லை). சேர்விஸ் அக்கவுண்ட்டுக்கு (நிரலின் கணக்கு) ரோல் (உரிமைப் பட்டியல்) கொடுத்திருக்கிறேன்.
– முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ரோலில் வேர்ப்ஸ் (அனுமதிக்கப்பட்ட செயல்கள்) வரிசையில் கெட், லிஸ்ட் மட்டும் இருக்கும். வொட்ச் தனி உரிமை, சேர்த்தால் திறக்கும். 'குபெக்டல் ஓத் கேன்-ஐ வொட்ச் பொட்ஸ் --அஸ்=சிஸ்டம்:சேர்விஸ்அக்கவுண்ட்:நேம்ஸ்பேஸ்:பெயர்' என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். டிப்ளொய்மென்ட்டுக்கும் வேண்டுமென்றால் ஏபிஐ குரூப் 'அப்ஸ்', பொட்டுக்கு உள்ளே எதுவுமில்லாத மேற்கோள் குறி. எல்லா நேம்ஸ்பேஸையும் பார்ப்பதானால் ரோல் போதாது, கிளஸ்டர்ரோலும் கிளஸ்டர்ரோல்பைண்டிங்கும் வேண்டும். ரிசோர்ஸ்நேம்ஸ் போட்டு ஒரு பொருளுக்கு மட்டும் உரிமை கொடுத்திருந்தால், வொட்ச் கோரிக்கையிலும் 'மெட்டாடேட்டா.நேம்' என்ற பீல்ட் செலக்டரை அதே பெயரோடு வைக்கவேண்டும். அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தப்பாதீர்கள். சீக்ரெட்டை வொட்ச் செய்ய முடிந்தவருக்கு அதன் உள்ளடக்கமும் வந்து சேரும்.

கேள்வி: பயிற்சி நிலையத்தில் மின்வெட்டின்போது ஒரு நோட் அணைந்துவிட்டது, யுபிஎஸ் அதற்கு இல்லை. அதிலிருந்த பொட்களுக்கு டிலீட்டெட் வரவேயில்லை. வொட்ச் தவறவிட்டதா?
– கணினிப் பயிற்றுநர், புதுக்குடியிருப்பு

பதில்: தவறவிடவில்லை, அந்தப் பொட்கள் அழிக்கப்படவே இல்லை. நோட்டிலுள்ள குபெலெட் (அங்கே பொட்களை ஓட்டும் முகவர் நிரல்) 10 விநாடிக்கொரு தடவை லீஸ் என்ற சிறு பொருளைப் புதுப்பித்து, உயிரோடிருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். கரண்ட் போனதும் அது நிற்கிறது. நோட்களைக் கண்காணிக்கும் கொன்ட்ரோலர் உடனே முடிவெடுக்காது. பதிப்பைப் பொறுத்து 40 அல்லது 50 விநாடி பொறுத்து நோட்டின் ரெடி நிலையை அன்னோன் ஆக்கும். உங்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம் அந்த நோட்டின் மொடிபைட். அதன் பொட்களின் ரெடி நிலையும் ட்ரூவிலிருந்து 'இல்லை' (பால்ஸ்) என்று மாற்றப்படும். அதற்குப் பிறகும் பொட்களுக்கு இயல்பாக 300 விநாடி பொறுமை உண்டு. அது தீர்ந்ததும் டிலீஷன்டைம்ஸ்டாம்ப் விழுகிறது, டிப்ளொய்மென்ட் வேறு நோட்டில் புதிய பொட்டை எழுப்புகிறது. பழைய பொட் மட்டும் டேர்மினேட்டிங்கில் தொங்கும். 'கொண்டெய்னரை மூடிவிட்டேன்' என்று சொல்லவேண்டிய குபெலெட் இருட்டில் கிடக்கிறதே. கணினி மீளத் தொடங்கினால், நோட் பொருளையே நீங்கள் நீக்கினால் அல்லது பொட்டை வலுக்கட்டாயமாக (--போர்ஸ்) அழித்தால்தான் டிலீட்டெட் வரும்.

பொட்டோடு நோட்டையும் வொட்ச் செய்யுங்கள். நோட் ரெடி ட்ரூவிலிருந்து மாறிய கணமே, 'ஸ்பெக்.நோட்நேம்' அந்த நோட்டாக உள்ள பொட்களை உங்கள் அகராதியிலிருந்து எடுத்துச் சந்தேக நிறத்தில் காட்டலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் 300 விநாடி அதிகம் என்று பட்டால் பொட்டின் டொலரேஷன்ஸில் (அந்தப் பொறுமை எழுதப்படும் புலம்) 'நொட்-ரெடி', 'அன்ரீச்சபிள்' இரண்டுக்கும் 60 வைக்கலாம். கரண்ட் ஒரு நிமிடம் போய்வரும் நாளிலும் பொட்கள் இடம்மாறும் என்பது அதன் விலை.

கேள்வி: பொட்டின் சிபியு, மெமரி பாவனை மாறும்போது வொட்சில் நிகழ்வு வரவில்லையே?
– மாங்குளம் வாசகர்

பதில்: வராது. வொட்ச் பார்ப்பது சேமிக்கப்பட்ட பொருளை. ரிக்குவெஸ்ட், லிமிட் ஆகியவை பொருளில் எழுதப்பட்டவை, அவற்றை மாற்றினால் நிகழ்வு வரும். ஓடும் பாவனை எங்கும் பொருளாக எழுதப்படுவதில்லை. அதை மெட்ரிக்ஸ்-சேர்வர் குபெலெட்களிடம் கேட்டு நினைவில் வைத்திருக்கிறது, அந்த ஏபிஐயில் வொட்ச் கிடையாது. இங்கே மட்டும், முதற்கேள்வியில் வந்த, திரும்பத் திரும்பக் கேட்கும் முறையே சரி. வழமையான நிறுவலில் மெட்ரிக்ஸ்-சேர்வர் 15 விநாடிக்கொரு தடவைதான் அளக்கிறது. அதைவிட வேகமாகக் கேட்டால் அதே எண்ணே திரும்ப வரும். வரைபடமும் வரலாறும் வேண்டுமானால் புரொமீதியஸ் (அளவீடுகளைச் சேகரித்து வைக்கும் மென்பொருள்) போடுங்கள்.

மெமரி எல்லை மீறிக் கொண்டெய்னர் கொல்லப்பட்டால் அது வொட்சில் வரும்: லாஸ்ட்ஸ்டேட் புலத்தில் ஓஓஎம்கில்ட், வெளியேற்ற எண் 137. நோட்டின் மெமரிபிரஷர் நிலையும் நோட் வொட்சில் வரும். எச்சரிக்கை அனுப்ப இந்த இரண்டும் போதும் பலருக்கு.

கேள்வி: கோ மொழியில் ஷெயர்ட் இன்போர்மர் பாவித்து எழுதிய சேவை ஒன்று தொடக்கத்தில் 200 எம்பி எடுக்கிறது, இரண்டு நாளில் 1.5 ஜிபி தாண்டி ஓஓஎம் ஆகிறது. ஓரிரு தடவை ஒன்டிலீட்டில் (பொருள் அழிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு) பானிக்கும் (நிரல் விழுதல்) ஆனது.
– தொலைப்பணியாளர், மன்னார்

பதில்: இன்போர்மரை (வொட்ச் செய்து, பொருள்களின் நகலை நினைவில் வைத்திருக்கும் கோ நூலகப் பகுதி) எடுத்தது நல்ல தெரிவு. வவுனியா வாசகருக்குச் சொன்ன பட்டியல், தொடர்ச்சி, 410, ஒப்பீடு எல்லாவற்றையும் அது உள்ளே செய்கிறது. கோவின் எச்டிடிபி/2 இணைப்பு 30 விநாடி அமைதியானால் பிங் அனுப்பிப் பார்க்கிறது, 15 விநாடியில் பதில் இல்லையென்றால் இணைப்பை மூடுகிறது.

மெமரி படிப்படியாக ஏறுவதற்கு முதலில் சந்தேகிக்கவேண்டியது ஹாண்ட்லர், அதாவது நிகழ்வு வந்ததும் அழைக்கப்படும் உங்கள் செயற்கூறு. ஒன்அப்டேட்டுக்குள் தரவுத்தளத்தில் எழுதுகிறீர்களா, எங்காவது எச்டிடிபி அழைப்பு வைக்கிறீர்களா? ஹாண்ட்லர் மெதுவானால் இன்போர்மர் நிகழ்வுகளை எறியாது. எல்லையில்லாமல் வளரும் இடைத்தாங்கியில் அடுக்கிக்கொண்டே போகும், ஒவ்வொன்றும் பழைய பொருளையும் புதிய பொருளையும் பிடித்துவைத்திருக்கும். ஹாண்ட்லர் செய்யவேண்டியது ஒன்றே: நேம்ஸ்பேஸ்/பெயர் என்ற சாவியை வேர்க்கியூ என்ற வேலை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்புவது. ஒரே சாவி பத்துத் தடவை வந்தாலும் வரிசையில் ஒன்றாகவே நிற்கும்.

அந்த வரிசையை வாசிக்கும் வேர்க்கர் சாவியை எடுத்து, இன்போர்மரின் சேமிப்பை வாசித்துத் தரும் லிஸ்டரிடம் இப்போதைய நிலையைக் கேட்கும். இருந்தால் அந்த நிலைக்கு ஏற்ப வேலை. இல்லையென்றால் அழிந்துவிட்டது. எந்த நிகழ்வு கொண்டுவந்தது என்று கேட்கவே வேண்டாம். நிகழ்வு கதவைத் தட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் போய்ப் பார்க்கவேண்டும். வேலை வெற்றியென்றால் வரிசையின் போர்கெட் (தோல்விக் கணக்கை அழிப்பது), தோல்வியென்றால் அட்ரேட்லிமிட்டெட் (பிந்தித் திரும்ப வரிசையில் சேர்ப்பது), இரண்டிலும் டன் (முடிந்தது என்பது) என்று அழையுங்கள். இயல்பு வேகக்கட்டுப்பாடு 5 மில்லிவிநாடியில் தொடங்கி இரட்டித்து 1,000 விநாடி வரை போகும். போர்கெட் மறந்தால் ஒரு காலத்தில் தோற்ற சாவி அடுத்த தடவை சறுக்கும்போது கால் மணிநேரத்துக்கு மேல் காத்திருக்கும்.

தொடக்கத்து 200 எம்பியையும் குறைக்கலாம். எல்லா நேம்ஸ்பேஸும் தேவையா? வித்நேம்ஸ்பேஸ் போடுங்கள். பொருளின் மனேஜ்ட்பீல்ட்ஸ் (எந்தக் கருவி எந்தப் புலத்தை எழுதியது என்ற குறிப்பு) பகுதி பெரும்பாலும் யாருக்கும் வேண்டாதது, சில பொருள்களில் அதுவே பெரும்பங்கு. செட்ட்ரான்ஸ்போர்ம் கொண்டு, சேமிப்பில் ஏறுமுன்பே வெறுமையாக்கிவிடுங்கள். பெயர், லேபல் மட்டும் போதுமானால் மெட்டாடேட்டா இன்போர்மர் இருக்கிறது.

பானிக்குக்குக் காரணம் டூம்ஸ்டோன். இணைப்பு அறுந்திருந்தபோது அழிந்த பொருளை இன்போர்மர் பின்னர் பட்டியலொப்பீட்டில் கண்டுபிடித்தால், ஒன்டிலீட்டுக்குப் பொட்டுக்குப் பதில் டிலீட்டட்பைனல்ஸ்டேட்அன்னோன் என்ற உறையைக் கொடுக்கும். நேரே பொட்டாக வகைமாற்றினால் விழும். சாவி எடுக்க 'டிலீஷன்ஹாண்ட்லிங்மெட்டாநேம்ஸ்பேஸ்கீபங்க்' பாவித்தால் இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும். பெயர் மூச்சு வாங்க வைக்கும், வேலை சரியாகச் செய்யும்.

இன்னும் மூன்று. வெயிட்போர்கேஷ்சிங்க் முடியுமுன் வேர்க்கர்களைத் தொடங்காதீர்கள், வெறுமையான சேமிப்பைப் பார்த்து 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று முடிவெடுக்கும். லிஸ்டர் தரும் பொருள் பொதுச்சொத்து, மாற்றுமுன் டீப்கொப்பி. ரீசிங்க் 30 விநாடி என்று வைத்திருந்தால் அது சேர்வரிடம் புதிதாகக் கேட்பதில்லை, தன் சேமிப்பையே ஒன்அப்டேட்டாகத் திரும்ப ஓட்டுகிறது. தேவையில்லாவிட்டால் 0.

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பின் குளங்களில் நீர்மட்ட சென்சர் பத்து வைக்கப்போகிறோம். வாசிப்புகளைக் கஸ்டம் ரிசோர்ஸில் (குபர்நெட்டீஸில் நாமே வகுக்கும் பொருள் வகை) எழுதி, வொட்ச் வழியாக வான் (மிகைநீர் வழியும்) மட்டத்தை நெருங்கும்போது குறுஞ்செய்தி அனுப்பலாமா?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: முடியும், செய்யாதீர்கள். பத்து சென்சர் பத்து விநாடிக்கொரு தடவை எழுதினால் நாளுக்கு 86,400 தடவை எழுதப்படும். ஒவ்வொன்றும் எட்சிடியில் ஒரு புதிய பதிப்பு. எட்சிடியின் இயல்புச் சேமிப்பு எல்லை 2 ஜிபி. அது நிரம்பினால் எழுதும் கோரிக்கைகள் மறுக்கப்படும், அன்றைக்குச் சென்சர் மட்டுமல்ல, கிளஸ்டரே அசையாது. கே3எஸ் ஒற்றை சேர்வரில் எட்சிடிக்குப் பதில் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம். அதை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் எஸ்டி கார்டில் ஓட்டினால் கார்ட் தேய்ந்துபோகும். வாசிப்புகள் எம்கியூடிடி (சென்சர்களுக்கு ஏற்ற இலகுவான செய்தி நெறிமுறை) வழியாக மொஸ்கிட்டோ என்ற செய்திச் சேர்வருக்கும், அங்கிருந்து இன்ப்ளக்ஸ்டிபி போன்ற காலத்தொடர்த் தரவுத்தளத்துக்கும் போகட்டும். பத்து சென்சருக்கு ஒரு ராஸ்பெரி பை போதும், குபர்நெட்டீஸே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

கிளஸ்டர் ஏற்கனவே இருந்தால் அதில் வைக்கத் தகுந்தது அமைப்பு விபரம்: எந்தக் குளம், எச்சரிக்கை மட்டம் எத்தனை அடி, யார் யாருக்குச் செய்தி. இதைக் கொன்பிக்மேப்பில் (அமைப்பு மதிப்புகளை வைக்கும் பொருள்) வைத்து, 'மெட்டாடேட்டா.நேம்' செலக்டரோடு அந்த ஒன்றை மட்டும் வொட்ச் செய்தால், மாரி மழைக்கு முன் எச்சரிக்கை மட்டத்தைக் குறைத்த கணமே நிரலுக்குத் தெரியும். கோப்பாக மவுண்ட் பண்ணினாலும் மாற்றம் வரும், ஒரு நிமிடம் அளவில் பிந்தும். 'சப்-பாத்' என்ற புலத்தைக் கொடுத்து மவுண்ட் பண்ணியிருந்தால் பொட்டை மீளத் தொடங்கும்வரை வரவே வராது.

கேள்வி: டிப்ளொய்மென்ட்டை யார் மாற்றினார் என்று வொட்சிலிருந்து அறியலாமா?
– வவுனியா, பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: ஆளை அறியமுடியாது. மனேஜ்ட்பீல்ட்ஸில் 'குபெக்டல்-எடிட்' போன்ற கருவிப் பெயரும் நேரமும் இருக்கும், அவ்வளவுதான். ஈவென்ட்ஸ் என்ற பொருள்களிலும் ஆள் பெயர் வராது, அவை இயல்பாக ஒரு மணிநேரத்தில் மறைந்தும் போகும். ஆள் வேண்டுமானால் ஓடிட் லொக் (யார் எதைச் செய்தார் என்ற பதிவேடு): ஏபிஐ சேர்வருக்கு 'ஓடிட்-பொலிசி-பைல்', 'ஓடிட்-லொக்-பாத்' இரண்டையும் கொடுத்து மீளத் தொடங்கவேண்டும். பொலிசியில் டிப்ளொய்மென்ட்களுக்கு மெட்டாடேட்டா மட்டம் போதும், பயனர், நேரம், வேர்ப் மூன்றும் விழும். எல்லோரும் ஒரே அட்மின் குபெகொன்பிக்கைப் பங்கிட்டுக்கொண்டிருந்தால் லொக்கிலும் ஒரே பெயர்தான் இருக்கும். முதலில் ஆளுக்கொரு கணக்குக் கொடுங்கள். இயக்குவதற்கு முன் நடந்தது எதுவும் அதில் இராது.